பூவும் இலையும் ஒரே சாம்பலா? கறுப்பு வெள்ளைப் பூப்படக் கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டுச் செம்பருத்தி கலரில் பளிச்சென்று இருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் பூவும் இலையும் ஒன்றாகிவிடுகின்றன. ஏன்?

பதில்: கலர் படத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டியது நிறம். அது போய்விட்டால் மிஞ்சுவது வெளிச்சத்தின் அளவு மட்டும்தான். சிவப்பும் பச்சையும் பல நேரம் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழும். ரா ஃபைலாக (கேமரா பதிவு செய்ததை நிறத்தோடு அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்திருந்தால், எடிட்டிங் ஆப்பில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு ஸ்லைடரை ஏற்றி, பச்சையையும் மஞ்சளையும் இறக்குங்கள். பச்சையை மட்டும் இறக்கினால் பாதி வேலைதான் நடக்கும், ஏனென்றால் இலையில் மஞ்சள் நிறையவே இருக்கிறது. இலை கறுத்து, பூ வெளுத்து முன்னால் வரும். ஃபிலிம் காலத்தில் லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்டிச் செய்ததும் இதைத்தான். பச்சை ஃபில்டர் என்றால் தலைகீழ்: பூ கறுக்கும், இலை வெளுக்கும். கறுத்த செம்பருத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதையும் ஒருமுறை செய்து பாருங்கள். ஸ்லைடரைக் கடைசி வரை மட்டும் தள்ளாதீர்கள். இதழோரத்தில் வெள்ளைக் கோடு விழும், இலையெல்லாம் புள்ளி புள்ளியாகும்.

கேள்வி: அண்ணா, பின்னணி மங்கட்டும் என்று லென்ஸ் துளையை எஃப் 2.8 வரை அகலமாகத் திறந்தும் அது பூவோடு ஒட்டியே நிற்கிறதே?

பதில்: மங்கலாக்கினால் பின்னணியில் உள்ள விவரம் போகும், அதன் சாம்பல் போகாது. அதனால் முதலில் நிழலைத் தேடுங்கள். பூவின் மேல் காலை வெயில், பின்னால் சுவரின் நிழல். ஓரடி நகர்ந்தாலே இது கிடைத்துவிடும். வீட்டுக்குள் எடுப்பதாக இருந்தால் ஒரு சின்ன விளக்கைப் பூவுக்கு 30 செ.மீ. பக்கத்தில் வையுங்கள். பின்னணி விளக்கிலிருந்து 120 செ.மீ. தள்ளி இருக்கட்டும். தூரம் 4 மடங்கானால் வெளிச்சம் 16இல் ஒரு பங்குதான், அதாவது 4 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). மற்ற விளக்குகளை அணைத்துவிட்டால் சாம்பல் சுவர்கூடக் கறுப்பாகத் தெரியும்.

கேள்வி: நந்தியாவட்டைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினேன். பூ வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது.

பதில்: கறுப்பு நிறைய இருப்பதைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்சத்தை, 1 அல்லது 1.5 ஸ்டாப் குறையுங்கள். அப்புறம், ஒளி பக்கவாட்டில் வரட்டும். அந்த இதழ்கள் காற்றாடி மாதிரி லேசாகத் திரும்பியிருக்கும், அந்தத் திருப்பத்தில் நிழல் விழுந்தால்தான் பூவாகத் தெரியும். துணி வெல்வெட்டாக இருந்தால் நல்லது, பளபளக்காது.

கேள்வி: கேமராவிலேயே கறுப்பு வெள்ளை வைத்து எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. கூடவே ரா ஃபைலும் பதிவாகட்டும். திரையில் சாம்பலைப் பார்த்தே எடுக்கலாம், நிறமும் ஃபைலில் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: போனில் போர்ட்ரெய்ட் மோடு போதுமா?

பதில்: செம்பருத்திக்கு வேண்டாம். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பாருங்கள். சுற்றிலும் மஞ்சள் மகரந்தம், நுனியில் ஐந்து குட்டி உருண்டைகள். போன் பல நேரம் அந்த நுனியைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். மோடை அணைத்துவிட்டு, பூவுக்கு இரண்டடி பின்னால் ஒரு கறுப்புச் சார்ட் அட்டையைப் பிடிக்கச் சொல்லி எடுங்கள்.