கையெழுத்துக்குக் காத்திருக்கும் மசோதா: குடியரசுத் தலைவரின் வீட்டோ பற்றிய கேள்வி பதில்

உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே நீளத்தில் பதில் சொல்ல முயலவில்லை.

கேள்வி: அமெரிக்க அதிபர் ஒரு மசோதாவை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்தார் என்று செய்திகளில் படிக்கிறோம். நம் குடியரசுத் தலைவருக்கும் அந்த அதிகாரம் உண்டா?

உண்டு, ஆனால் அதன் உருவம் வேறு. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா தம்மிடம் வந்ததும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்தி வைக்கலாம், அல்லது வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் பற்றிய பண மசோதாவாக இல்லாதபட்சத்தில் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 111ஆவது கூறு சொல்கிறது. திருப்பி அனுப்பிய மசோதாவை அவைகள் திருத்தத்துடனோ திருத்தமின்றியோ மீண்டும் நிறைவேற்றினால், அவர் ஒப்புதலை மறுக்க முடியாது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

அமெரிக்காவில் அதிபரின் மறுப்பை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதே சமயம் அங்கே அதிபருக்குக் கெடுவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாட்களுக்குள் அவர் கையெழுத்திடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை என்றால், மசோதா தானே சட்டமாகிவிடும். அந்தப் பத்து நாட்களுக்குள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கலைந்து சென்றிருந்தால் மட்டும் மசோதா மாண்டுபோகும். நம் அரசமைப்பில் அப்படி நாள் குறிக்கப்படவில்லை. ஆகவே திருப்பி அனுப்பும் அதிகாரத்தில் நம் குடியரசுத் தலைவர் அமெரிக்க அதிபரைவிடப் பலவீனமானவர். பேசாமல் வைத்திருக்கும் அதிகாரத்தில் அவரைவிடப் பலமானவர். மற்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கும் இதிலிருந்துதான் விடை கிடைக்கிறது.

கேள்வி: அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும் என்றால், அந்த அமைச்சரவையே கொண்டுவந்த மசோதாவை அவர் எப்படி மறுக்க முடியும்?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 1951இல், இந்துக்களின் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றைச் சீர்திருத்தும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைத் தம் சொந்த முடிவின்படி அணுக விரும்புவதாக அன்றைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பிரதமர் நேருவுக்கு எழுதினார். அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அன்றைய அட்டர்னி ஜெனரல் செடல்வாடும், சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், அமைச்சரவையின் ஆலோசனைக்கு அவர் கட்டுப்பட்டவரே என்று கருத்துச் சொன்னார்கள். 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அதை எழுத்திலேயே பதித்தது. அமைச்சரவையின் ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனை செய்யச் சொல்லும் உரிமையை 1978இன் 44ஆவது திருத்தம் சேர்த்தது.

ஆதலால் ஒப்புதலை அடியோடு நிறுத்தி வைப்பது அரிதாகவே நடந்திருக்கிறது. குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த, இன்றைய பஞ்சாப் பகுதியில் அன்றிருந்த பெப்சு மாநிலத்துக்காக 1954இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிதி ஒதுக்க மசோதா, கையெழுத்துக்கு வருவதற்குள் அங்கே அந்த ஆட்சி விலக்கப்பட்டுவிட்டதால், ஒப்புதல் பெறவில்லை. 1991இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியம், ஓய்வூதியம் தொடர்பான மசோதாவை, குடியரசுத் தலைவரின் முன்பரிந்துரை பெறாமலே, மக்களவை கலைக்கப்படும் தறுவாயில் அவசரமாக நிறைவேற்றினார்கள், அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ஒப்புதல் தரவில்லை. தங்கள் ஊதியத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்ளும் மசோதாவில் முறை தவறியபோது ஒருவர் கையை மடக்கி நின்றார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: கிடப்பில் போட்ட மசோதா என்று எதைச் சொல்வீர்கள்?

1986இன் அஞ்சலகத் திருத்த மசோதாவை. தனியார் கடிதங்களை இடைமறித்துப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் அளித்த அந்த மசோதாவை ராஜீவ் காந்தி அரசு இரு அவைகளிலும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. 1987இல் பதவிக்காலம் முடியும்வரை அப்படியே வைத்திருந்தார். அது கடைசிவரை சட்டமாகவில்லை. விளைவு நன்மையே என்று நான் கருதுகிறேன். ஆயினும் அந்த வழிமுறையை என்னால் மெச்ச முடியவில்லை, ஏனென்றால் காரணம் எழுதித் திருப்பி அனுப்பினால் நாடு அதைப் படித்து விவாதிக்கும், மௌனத்தோடு எப்படி விவாதிப்பது?

கேள்வி: அப்துல் கலாம் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பிறகு கையெழுத்திட்டாரே, அது தோல்விதானே?

அப்படி நான் நினைக்கவில்லை. ஆதாயம் தரும் பதவி வகிப்போர் உறுப்பினர் பதவியை இழக்காதிருக்கச் சில பதவிகளுக்கு விலக்கு அளித்த மசோதாவை அவர் 2006 மே மாதம் திருப்பி அனுப்பினார். இரு அவைகளும் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றின; ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தார். 111ஆவது கூறு எதிர்பார்ப்பது இதைத்தான்: ஐயத்தை எழுத்தில் சொல்வது, மக்கள் பிரதிநிதிகள் மறுபடியும் பொறுப்பேற்றால் ஒதுங்கி வழிவிடுவது.

கேள்வி: கெடு விதிக்க அரசமைப்பை எழுதியவர்கள் மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. வரைவில், திருப்பி அனுப்புவதற்கு ஆறு வாரத்துக்கு மிகாத காலம் என்றே இருந்தது. 1949இல் அம்பேத்கர் அதை நீக்கி, இயன்ற அளவு விரைவாக என்ற பொருள்படும் சொற்களை வைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். அரசமைப்பு அவை உறுப்பினர் எச்.வி. காமத் எதிர்த்தார், திருத்தம் ஏற்கப்பட்டது. பதவியில் இருப்பவர் நேர்மையாக விரைவார் என்ற நம்பிக்கையில் வைத்த சொற்கள் அவை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்று அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைந்துவிட்டது.

கேள்வி: தமிழக ஆளுநர் வழக்கில் இதற்குத் தீர்வு கிடைத்துவிட்டதா?

கிடைத்தது போலிருந்தது. ஆளுநர் 2023 நவம்பரில் ஒப்புதலை நிறுத்தி வைத்த பத்து மசோதாக்களைச் சட்டமன்றம் அதே மாதம் மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அது தவறு என்றும் அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றும் 2025 ஏப்ரல் 8இல் தீர்ப்பளித்து, காலக்கெடுவும் வகுத்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20 அன்று, எழுத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளும் முறையும் அரசமைப்பில் இல்லை என்று கருத்துரைத்தது. அதே கருத்துரை, மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்தி வைக்க ஆளுநருக்கு உரிமையில்லை என்றும், விளக்கமற்ற நீண்ட தாமதம் நேர்ந்தால் முடிவெடுக்கும்படி நீதிமன்றம் பணிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மாநிலம் வழக்குத் தொடுத்துத்தான் அதைப் பெற வேண்டும்.

கேள்வி: நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றிய பிறகும் ஏன் சட்டமாகவில்லை?

அது 201ஆவது கூறின்கீழ் குடியரசுத் தலைவரிடம் சென்ற மாநில மசோதா. அத்தகைய மசோதாவைத் திருப்பி அனுப்பி, மாநிலம் மீண்டும் நிறைவேற்றினாலும் அவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. நாடாளுமன்றத்துக்குள்ள மறுமுறை உரிமை மாநிலச் சட்டமன்றத்துக்கு அந்த இடத்தில் கிடையாது. நடைமுறையில் குடியரசுத் தலைவரின் மறுப்பு ஒன்றிய அமைச்சரவையின் மறுப்பே.

கேள்வி: கெடுவை எழுத்தில் சேர்க்க என்ன வழி?

அரசமைப்புத் திருத்தம்தான். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 111, ஆளுநரின் ஒப்புதல் பற்றிய 200, 201 ஆகிய கூறுகள் மாநிலங்களின் ஏற்பு தேவைப்படும் பட்டியலில் இல்லாததால், அதற்கு நாடாளுமன்றமே போதும். அந்தத் திருத்த மசோதா கையெழுத்துக்குப் போகும்போது, 1971இன் 24ஆவது திருத்தப்படி, குடியரசுத் தலைவர் அதை மறுக்கவோ திருப்பி அனுப்பவோ முடியாது. ஒப்புதல் அளித்தே ஆக வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பதை மட்டும் அங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை.