உருவுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே

சகோதரி, மண்டபத்தில் வள்ளத்திலிருந்து குதித்த உங்கள் 9 வயதுப் பையன் கணுக்கால் பிசகி, 10 நாளாகியும் நொண்டுகிறான், பாட்டி எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உருவல் இப்போதைக்கு வேண்டாம். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி உண்டு. மூட்டைப் பிடித்திருக்கும் ஜவ்வைவிட அது பலவீனமானது. பெரியவர்களுக்கு வெறும் சுளுக்காகப் போவது, பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் முறிவாகலாம். வெளிப்பக்கக் கணு எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லையா? எதுவானாலும், 10 நாள் நொண்டல் என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அவர் கையால் தொட்டுப் பார்ப்பது முக்கியம்.

எலும்பு சரி என்றால், கட்டிப்போட்டுப் படுக்க வைக்காதீர்கள். கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதச் சொல்லுங்கள். (என் மகள் 'க' வரிசைக்கு வருவதற்குள் அவள் கால் எழுத்து என் கையெழுத்தை மிஞ்சிவிட்டது.) அப்புறம் பல் தேய்க்கும்போது சுவர் ஓரமாக ஒற்றைக்காலில் நிற்கட்டும். இந்தச் சமநிலைப் பயிற்சியை விட்டுவிட்டால்தான் அதே கால் மறுபடி மறுபடி பிசகும். கடற்கரை மணலில் நடந்தால் சரியாகிவிடும் என்பார்கள். மேடுபள்ளமான மணல் கடைசிக் கட்டத்துக்குத்தான். பிசகிய காலால் வலியில்லாமல் நொண்டியடிக்க முடிந்த பிறகு ஓட விடுங்கள், வள்ளமும் அதற்கப்புறம்தான்.