பூண்டுக் குழம்பு என்ன செய்யும்?

“மூத்த மகளுக்கு சிசேரியன் ஆன நான்காம் நாள் வயிறு பானை மாதிரி உப்பி, ஒரே வாந்தி. ‘குடல் ஓடவில்லை’ என்று மூக்கில் குழாய் போட்டு ஐந்து நாள் வைத்திருந்தார்கள். முந்தின நாள் நான் கொடுத்த பூண்டுக் குழம்புதான் காரணம் என்கிறார் சம்பந்தியம்மா. இளையவளுக்கும் அடுத்த மாதம் சிசேரியன். பயமாக இருக்கிறது.”
- வாசகி, தேனி

குழம்பை விட்டுவிடுங்கள் அம்மா, அது பாவம். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால் குடல் கொஞ்ச காலம் சுருண்டு படுத்துக்கொள்ளும். சிறுகுடல் சில மணி நேரத்தில் விழித்துவிடும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ‘காத்து பிரிஞ்சுதா?’ என்று நர்ஸ் விடாமல் கேட்பது அதற்காகத்தான். பொட்டாசியம் குறைந்தாலோ, கிருமித் தொற்று இருந்தாலோ, டிரமடால் போன்ற வலி மருந்துகளாலோ இந்தத் தூக்கம் நீளும். குழாய், டிரிப்ஸ், பொட்டாசியம், கொஞ்சம் நடை என்று பெரும்பாலும் சரியாகிவிடும். உங்கள் மகளுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அபூர்வமாக இன்னொன்று வரும். அடைப்பே இல்லாமல் பெருங்குடல் மட்டும் அடைத்ததுபோல் வீங்கிக்கொண்டே போகும். 1948-இல் இதை விவரித்த பிரிட்டிஷ் அறுவை மருத்துவரின் பெயரால் ஆகில்வி சிண்ட்ரோம் என்பார்கள். வலது அடிவயிற்றில் பெருங்குடல் தொடங்கும் இடம் 12 சென்டிமீட்டரைத் தாண்டி விரிந்தால் வெடிக்கும் அபாயம் அதிகம். அதற்குள் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துக் கண்டுபிடித்துவிட்டால், இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி குடலை அசைய வைக்கும் நியோஸ்டிக்மின் ஊசி போடுவார்கள். அல்லது கொலோனோஸ்கோப் என்ற கேமராக் குழாயை ஆசனவாய் வழியே விட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள்.

சரி, இளையவளுக்கு வருவோம். டாக்டர் சொன்னதும் தண்ணீர், அப்புறம் சாப்பாடு. பட்டினி போட வேண்டாம். முடிந்தவரை அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நடக்கட்டும். சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்றால் காற்று சீக்கிரம் பிரிகிறது. சிரிக்காதீர்கள், ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். ‘தண்ணி குடிச்சா வயிறு தொங்கும்’ என்று சொம்பை ஒளித்து வைக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் மலம் கல்லாகிவிடும். வெறும் மலச்சிக்கல்தான் என்றால் டாக்டரிடம் கேட்டு லாக்டுலோஸ் சிரப் கொடுக்கலாம், தாய்ப்பாலுக்குத் தொந்தரவில்லை.

ஆனால் வயிறு நேரம் ஆக ஆக இறுகினால், பச்சையாக வாந்தி வந்தால், காய்ச்சலோ படபடப்போ வலது அடிவயிற்றில் வலியோ இருந்தால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ‘கொஞ்சம் காத்து போச்சே’ என்று காத்திருக்க வேண்டாம். ஆகில்வியில் அதுவும் போகும். முக்கியமாக, அந்த நேரத்தில் யார் சொன்னாலும் விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள்.