பாயின்டர் நாயைப் பறவை முன்னால் அசையாமல் நிற்கப் பழக்குவது எப்படி?

புதரில் ஒளிந்திருக்கும் காடையையோ கௌதாரியையோ மோப்பம் பிடித்ததும் பாயின்டர் நாய் (பறவை இருக்கும் இடத்தை நின்று காட்டும் வேட்டை நாய்) நின்றுவிட வேண்டும். பறவை எழுந்து பறந்தாலும், துப்பாக்கி வெடித்தாலும், சொல்லும்வரை துரத்தக் கூடாது. இதுதான் அசையாமல் நிற்பது.

நிற்பது பிறவிக் குணம். பூனை அணில் மேல் பாயும் முன் பதுங்கி ஒரு கணம் உறையுமே, அதே இடைவெளிதான். வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து அதை நீட்டிவிட்டார்கள். நாம் பழக்க வேண்டியது துரத்தாமல் இருப்பதை. அதுதான் கஷ்டம், ஏனென்றால் துரத்துவதே நாய்க்குப் பெரிய பரிசு.

அதனால் நன்றாகப் பறக்கும் புறாவை ஸ்பிரிங் பெட்டியில் வைத்துப் புல்லுக்குள் மறைப்பார்கள். நீளக் கயிற்றில் வரும் நாய் வாசனை பட்டதும் வால் விறைக்க நிற்கும். ஒரு அடி முன்னே வைத்தால் போதும், ரிமோட்டை அழுத்திப் புறாவைப் பறக்கவிடுவார்கள். நகர்ந்தால் பறவை போய்விடும் என்பதை நாய் தானே புரிந்துகொள்ளும். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பாடம் இல்லை. துப்பாக்கிச் சத்தமெல்லாம் அப்புறம்தான், அதுவும் தூரத்திலிருந்து.

அடித்தால் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பறவையருகே அடி வாங்கிய நாய், வாசனை வந்தாலே விலகிப் போகத்தான் பழகும்.