மசாலா ஆலைக்கு வரிச்சலுகை: முன்பணம் கொடுக்காதீர்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மசாலா ஆலையை விரிவாக்கி 20 பேரை எடுக்கப் போவதாகவும், வருமான வரிச் சட்டத்தின் 12 'ஐ' பிரிவில் பெரிய வரிக்கழிவு வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் முன்பணம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். அது பெரிய தொழிற்சாலைகளுக்கானது. புது ஆலை என்றால் முதலீடே குறைந்தது 5 கோடி ரேண்ட் வேண்டும். அதுவும் 2020 மார்ச் 31க்குப் பிறகு புது ஒப்புதல் கிடையாது. இன்னும் அதை விற்கிறார் என்றால், ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்!

உங்களுக்குப் பொருந்துவது 2014இல் வந்த ஈ.டி.ஐ., அதாவது இளைஞர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கான வரிச்சலுகை. 18 முதல் 29 வயதுவரை உள்ளவர், மாதச் சம்பளம் 7,500 ரேண்டுக்குக் கீழ், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது. 2025 ஏப்ரல் கணக்குப்படி 2,500 முதல் 5,499 வரை வாங்கும் ஒவ்வோர் ஊழியருக்காகவும் முதல் 12 மாதம் மாதாமாதம் நிறுவனத்துக்கு 1,500 ரேண்ட் கிடைக்கும். அதற்கு மேல் போனால் குறையும்: 6,000 சம்பளம் என்றால் 1,125. அடுத்த 12 மாதம் இதில் பாதி. அப்புறம் ஒன்றுமில்லை.

இதற்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். மாதாமாதம் வரித்துறையான சார்ஸுக்குப் போடும் இஎம்பி 201 படிவத்திலேயே, ஊழியர்களிடம் பிடித்த வரியில் கழித்துக்கொள்ளலாம். சம்பளப் பட்டியல் பார்ப்பவரே செய்துவிடுவார். நிறுவனத்துக்கு வரி பாக்கி மட்டும் இருக்கக் கூடாது.

சொந்தக்காரப் பையன்களைச் சேர்ப்பதாக இருந்தால் முதலில் கணக்காளரிடம் கேளுங்கள், தொடர்புடையவர்களுக்கு இது கிடையாது. சலுகைக்காகப் பழைய ஆளை நிறுத்தினால் தலைக்கு 30,000 ரேண்ட் அபராதம்.