பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கி: சட்டக் கேள்வி பதில்

கேள்வி: தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே காட்டோரம் எங்கள் நிலம். பன்றி விரட்ட அப்பா உரிமம் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி பரணில் இருக்கிறது. அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. உரிமப் புத்தகம் கையில் இருக்கிறது. மூத்த மகன் என்பதால் அது எனக்கு வந்துவிடும்தானே?

பதில்: வராது. நிலம், வீடு போல உரிமம் வாரிசுக்கு இறங்குவதில்லை. அது அப்பாவின் பெயரோடு முடிந்துவிட்டது. புத்தகம் கையில் இருந்தாலும், இன்று அந்தத் துப்பாக்கி உரிமம் இல்லாத ஆயுதம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பரணிலிருந்து இறக்கும் முன் ஒன்று. நாட்டுத் துப்பாக்கியில் பல ஆண்டு முன் இடித்து வைத்த வெடிமருந்தும் வெடிக்கும். குழல் வாய்க்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. மருந்து இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, வாய் விளிம்பில் விரலால் பிடித்து வெளியே எடுங்கள். அதே நீளத்தைக் குழலின் வெளிப்புறம் வைத்துப் பாருங்கள். கேப்பு (சுத்தியல் அடித்ததும் பொறி தரும் சிறு மூடி) மாட்டும் இடத்துக்கு நான்கைந்து விரல் முன்னாலேயே கம்பி நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. தோண்டி எடுக்க முயலாதீர்கள். சுட்டுக் காலி செய்வதும் வேண்டாம். உள்ள நிலைமையைச் சொல்லி, காவலர்களையே வரவழைத்துவிடுங்கள்.

காலியாக இருந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படையுங்கள். ரசீதில் குழலில் பொறித்த எண்ணும் புத்தகத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு இழுத்தடிப்புதான். அதன்பின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை, பழைய உரிமம், ரசீது ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உங்கள் பெயருக்குப் புது உரிமம் கேளுங்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிர்க் காவலுக்கு இவ்வகைத் துப்பாக்கி கேட்க 1959 ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

உங்கள் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது உரிமம் தர, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுடும் அனுமதி அதில் அடங்காது. அது வனத்துறையிடம் தனியாகக் கேட்க வேண்டியது.

கேள்வி: உரிமம் பெற்ற பிஸ்டலுடன் ஓசூரிலிருந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகலாமா?

பதில்: உரிமம் எந்தப் பகுதிக்குச் செல்லுபடியாகும் என்று அதில் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டியதுமே குற்றம். மண்டபத்தில் மகிழ்ச்சிக்காக ஒருமுறை மேலே சுட்டு, அது மற்றவர் உயிருக்கு ஆபத்தானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.