98 கொரோலாவில் ஸ்கேனர் கனெக்ட் ஆகாதது பற்றி

உங்கள் 1998 மாடல் டொயோட்டா கொரோலாவில் ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கேனர் பழுதில்லை. செக் எஞ்சின் விளக்கு சிமிட்டுவதை வைத்தே கோட் எண்ணை (எந்தப் பகுதியில் கோளாறு என்று காட்டும் எண்) எடுத்துவிடலாம். ஜப்பான் சந்தைக்காகச் செய்த அந்தக் காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் ஓபிடி 2 (ஸ்கேனர் காரோடு பேசும் பொதுவான முறை) இருக்காது, அதனால்தான் கனெக்ட் ஆகவில்லை.

1. சாவி ஆஃபில் இருக்கும்போது அந்த சாக்கெட்டின் 4ஆம், 13ஆம் பின்களைச் சின்ன வயரால் இணையுங்கள். 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். வயர் அதில் படவே கூடாது, இருமுறை எண்ணிப் பாருங்கள்.

2. சாவியை ஆனில் வையுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். இரண்டு சிமிட்டு, சிறு இடைவெளி, மறுபடி இரண்டு என்றால் 22: கூலன்ட் வெப்ப சென்சார். விடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோட் எதுவும் பதிவாகவில்லை.

காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது என்கிறீர்கள், அதனால் எனக்கு 22 மேல்தான் சந்தேகம். கனெக்டரைக் கழற்றி சென்சாரின் மின்தடையை மல்டிமீட்டரில் பாருங்கள்: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், சூடேறி 80 டிகிரியில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் இருக்க வேண்டும். அளவு சரியென்றால் கோளாறு வயரிங்கில் இருக்கலாம். அப்போது புது சென்சார் வாங்கிவிடாதீர்கள்.